கழித்து வைத்த கேசட்டுகள்

ஹெட்போன் வந்த அன்று குன்னூரில் காலையிலிருந்தே மழை. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகள் அதைக் கூரியரில் போட மனமில்லாமல், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு தானே எடுத்து வந்தாள். அவளுக்குத் தெரிந்த ஒருவர் அங்கே ஆடியோ கடை வைத்திருக்கிறார். விலை கூடின ஹெட்போன்களைப் பத்து நாள் வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்க்கக் கொடுப்பாராம். பிடித்தால் வாங்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். நான் ரிட்டையர் ஆனபோது எனக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தக் குறை அவளுக்கு இருந்துகொண்டே இருந்தது.

பெட்டியைத் திறந்ததும் என் மனைவி சமையலறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"இது என்னங்க, ஹெல்மெட்டா?"

நாலு வருடத்துக்கு முன்னால் தைராய்டு ஆபரேஷன் செய்ததிலிருந்து அவள் குரல் கரகரப்பாகிவிட்டது. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் கடைசி வார்த்தை காற்றாகப் போய்விடும். எங்களுக்கெல்லாம் அது பழகிவிட்டது. மகள் சிரித்துக்கொண்டே ஹெட்போனை எடுத்து என் தலையில் மாட்டினாள். ஒவ்வொரு காதுக்கும் பாதி கொட்டாங்கச்சி அளவு இருந்தது. உள்ளே வெல்வெட் மெத்தை, வெளிப்பக்கம் கறுப்பு வலை. கூடவே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டி. அதைப் போனில் சொருகி, அதற்குள் ஒயரைச் சொருக வேண்டும்.

"இது மூடாத மாடல்ப்பா. பாட்டு வெளியவும் கொஞ்சம் கசியும். வெளிய நடக்கறதும் உங்களுக்குக் கேக்கும். ஆனா மூடினத விட இதுலதான் சத்தம் இயல்பா இருக்குமாம்" என்றாள்.

அவள் போனிலிருந்த ஏதோ ஒரு பழைய பாட்டைப் போட்டாள். நான் ஆயிரம் தடவை கேட்ட பாட்டு. பாடகி அடுத்த வரிக்கு மூச்சு இழுப்பது கேட்டது. வயலின்காரர்களில் ஒருவர் வில்லை ஒரு நொடி முன்னதாகவே எடுத்துவிடுகிறார். அது தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் முகம் எப்படிப் போனதோ, மகள் கைதட்டினாள் என்று மட்டும் தெரியும். மறுநாள் காலை அவள் கோயம்புத்தூருக்குக் கிளம்பிவிட்டாள்.

நான் பாட்டுக் கேட்கிறவன். என்னைத் தெரிந்த எல்லோருக்கும் அதுதான் முதலில் தெரியும். குன்னூருக்குப் பக்கத்தில் பாதுகாப்புத் துறை பேக்டரியில் முப்பத்தைந்து வருடம் வேலை செய்தேன். அங்கே குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் என்ன பாட்டுப் போடலாம் என்று என்னிடம் வந்து கேட்பார்கள். என்னிடம் ஒரு நல்ல ரேடியோ இருந்தது. தனியாக ஒரு டேப் ரெக்கார்டரும் இருந்தது. இரண்டையும் ஒயர் போட்டு இணைக்கும் வசதி கிடையாது. ரேடியோவை மேஜைமேல் வைத்து, அதற்கு எதிரே ரெக்கார்டரை வைத்து, சிவப்புப் பட்டனை அமுக்கிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ரெக்கார்டரிலேயே இருக்கிற மைக்கில்தான் பதிவாகும். ஆகையால் வீட்டில் என்ன சத்தம் வந்தாலும் கேசட்டில் விழும். குக்கர் விசில், கதவு, இருமல், எல்லாம்.

அப்படிச் சத்தம் விழுந்த கேசட்டுகளின் மேல் பெருக்கல் குறி போட்டுத் தனியாக ஒரு அட்டைப்பெட்டியில் வைப்பேன். பிறகு சமயம் கிடைக்கும்போது அதன்மேல் வேறு பாட்டைப் பதிந்துகொள்வேன். பதியாமல் மிஞ்சியவை பதினொன்று. போன வருடம், மழைக்காலத்தில் கேசட்டுகளிலெல்லாம் பூஞ்சை பிடிக்கிறது என்று நான் புலம்பியதைக் கேட்டு, மகள் எல்லாவற்றையும் எடுத்துப் போய்த் துடைத்து, போனில் ஏற்றிக் கொடுத்தாள். பெருக்கல் குறி போட்டவற்றையும் விடவில்லை. அவற்றைத் தனியாகச் சேர்த்து, 'அப்பா கழித்தது' என்று பெயர் வைத்திருந்தாள். நான் அதைத் திறந்து பார்த்ததே இல்லை.

முதல் மூன்று நாளும் எனக்குச் சொர்க்கம். காலையில் டீ குடித்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தால் மதியம் சாப்பிடக் கூப்பிடும்வரை எழுந்திருக்கமாட்டேன். மனைவி இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, வந்து தோளைத் தொடுவாள். ஒருநாள் அவள் சொன்னாள், "எங்கயோ தூரத்து ஊட்டுல ரேடியோ பாடற மாதிரியே இருக்குதுங்க, நீங்க இதப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா." நான் தலையாட்டிவிட்டுத் திரும்பக் கண்ணை மூடிக்கொண்டேன்.

நாலாம் நாள் நல்ல கேசட்டுகள் தீர்ந்துபோயின. 'அப்பா கழித்தது' என்பதைத் திறந்தேன். இவ்வளவு நுட்பமான கருவியில் அந்தக் கோளாறுகள் எப்படிக் கேட்கும் என்ற விளையாட்டு எண்ணம்தான்.

முதல் பதிவில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது சரணத்தில் பாட்டுக்கு அடியில் இன்னொரு குரல் கேட்டது. பக்கத்து ஸ்டேஷன் வந்து கலப்பது மலையில் சகஜம். அப்படித்தான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தக் குரல் பாடகியோடு சேர்ந்து அதே வரியில் போனது. வார்த்தை இல்லை, வாய் மூடிய ரீங்காரம். சரணம் முடிந்து வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற இடம் வந்ததும், அந்தக் குரல் நிற்கவில்லை. தானாக எதையோ சேர்த்து, இறங்கி, ஒரு சின்னச் சுழற்றுச் சுழற்றி, பாடகி திரும்ப வருகிற இடத்தில் சரியாக வந்து சேர்ந்துகொண்டது. அதற்குள் ஒரு பாத்திரம் வைக்கிற சத்தம். அப்போதுதான் அது எங்கள் குவார்ட்டர்ஸ் சமையலறை என்று எனக்கு உறைத்தது.

அது என் மனைவி. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்காது.

பிறகு நாற்காலி நகரும் சத்தம். பிறகு மிகப் பக்கத்தில், என் இரண்டு காதுக்கும் நடுவில், ஒரு ஆம்பிளைக் குரல்.

"ஏம்புள்ள, எத்தன தடவ சொல்றது? ரெக்கார்டு ஓடுது. சுருதி சேராத குரல வெச்சுக்கிட்டு கூட வேற பாடற. வாய மூடிக்கிட்டு வேலையப் பாரு."

டக் என்று பட்டன் அமுக்கும் சத்தம். அதோடு பதிவு முடிந்தது.

இருபத்தெட்டு வயதில் எனக்கு அப்படி ஒரு குரல் இருந்தது என்பதே மறந்துபோயிருந்தது. கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொல்கிறேன். கடைக்காரரிடம் சில்லறை கேட்கிற மாதிரி. நான் கெட்ட வார்த்தை பேசாதவன், கை நீட்டாதவன் என்று இத்தனை காலமும் எனக்குள் ஒரு திருப்தி இருந்தது. அந்தத் திருப்தியோடுதான் அன்றைக்கும் பேசியிருக்கிறேன்.

மறுபடி முதலிலிருந்து போட்டேன். மூன்றாவது தடவையும் போட்டேன். இவ்வளவு வருடம் கேட்டுக் கேட்டுப் பழகிய காது, அதற்குச் சந்தேகம் வராது. சுருதி சேரவில்லை என்று சொல்லியிருக்கிறேன். சேர்ந்துதான் இருந்தது.

அதற்குப் பிறகு நான் பாட்டைக் கேட்கவில்லை. அடுத்த இரண்டு நாளும் பாட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று மட்டும் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டாவது பதிவில் அவள் குரல் நாலைந்து நொடி வருகிறது, தானாகவே நின்றுவிடுகிறது. மூன்றாவதில் இருமல் மட்டும். நான்கிலும் ஐந்திலும் அவள் இல்லை. ஆறாவதில் ஒரு குழந்தை அழுகிறது.

என் மகள்தான். ஏழெட்டு மாதம் இருக்கும். அழுகை எழும்பியதும் வேகமான காலடி. தாழ்ப்பாள் சத்தம். கதவு திறந்ததும் மழை பெரிதாகக் கேட்கிறது. தகரக் கூரை போட்ட வராந்தாவின்மேல் விழுகிற மழை. கதவு மூடுகிறது. மழை சின்னதாகிவிடுகிறது. அழுகை நின்றுவிடுகிறது, அதாவது எனக்குக் கேட்காமல் போய்விடுகிறது. பிறகு பாட்டு, அறிவிப்பாளர், இன்னொரு பாட்டு. கதவு திறக்கும் திறக்கும் என்று காத்துக்கொண்டிருந்தேன். கேசட்டின் அந்தப் பக்கம் முடிகிறவரை, இருபது நிமிடத்துக்கு மேல், கதவு திறக்கவே இல்லை.

அந்த இருபது நிமிடமும் நான் உள்ளே மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

கழித்ததில் மிச்ச ஐந்திலும் குக்கர் விசிலும் கதவுச் சத்தமும்தான். அதற்குப் பிறகு எடுத்த கேசட்டுகள் எல்லாம் சுத்தமானவை. மூச்சுச் சத்தம்கூட இல்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது. பேக்டரியில் கூட வேலை செய்த ஒருவர் வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டு, "பொண்டாட்டி புள்ள இருக்கற ஊட்டுல எப்படிய்யா இவ்வளவு சுத்தமா எடுக்கற?" என்று வியந்தார். "பழக்கி வெச்சிருக்கறன்" என்று நான் பதில் சொன்னதும் நினைவுக்கு வந்தது. அவள் டீ கொண்டு வந்து வைத்துக்கொண்டிருந்தபோதுதான் சொன்னேன்.

ஆறாம் நாள் மதியம் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அவள் தரையில் உட்கார்ந்து மேரக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததை அவள் விநோதமாகப் பார்த்தாள்.

"குவார்ட்டர்ஸ்ல இருக்கறப்ப, நான் ரெக்கார்டு பண்ணும்போது பாப்பா அழுதா வெளிய தூக்கிட்டுப் போவியே. எங்க போவ?"

"எதுக்குங்க இப்ப?"

"சும்மாதான் கேக்கறேன்."

"பக்கத்து ஊட்டு அக்கா இருந்தாங்கன்னா அவங்க அடுப்பங்கரைல போய் உக்காந்துக்குவேன். அவங்க ஊரப் பாக்கப் போயிருந்தா தண்ணி டேங்குக்குக் கீழ. அங்க சாரல் அடிக்காதுங்க."

"மழை பெய்யறப்பவா?"

"போர்வை சுத்திக்குவேன்ல. சேரம்பாடில இல்லாத மழையா? லயத்துல இருந்தப்ப இதவிட அதிகம் பாத்திருக்கேன்."

அவள் சேரம்பாடிக்காரி. அவளுடைய அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, அங்கே அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். வரிசை வீடுகளை அவள் இன்றைக்கும் லயம் என்றுதான் சொல்வாள்.

"எப்ப உள்ள வரலாம்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"ஜன்னல்ல தெரியும். நீங்க எந்திரிச்சு நின்னா ரெக்கார்டு முடிஞ்சுதுன்னு அர்த்தம். அப்ப வருவேன்." மேரக்காயின் நடுவிதையை எடுத்து ஓரமாக வைத்தாள். "அதுக்குள்ள பாப்பா தூங்கிரும். ரெண்டு பாட்டுப் பாடுனாப் போதும் அதுக்கு."

"நீ பாடுவியா?"

"பின்ன கொழந்தய எப்படித் தூங்க வெக்கறதுங்க?" என்றாள். "பக்கத்து ஊட்டு அக்கா, இன்னொன்னு பாடு, இன்னொன்னு பாடுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. பாப்பா தூங்குன பிறகும் விடமாட்டாங்க."

பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அவர்கள் மாற்றலாகிப் போயே இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. குவார்ட்டர்ஸ் முழுவதற்கும் பாட்டைப் பற்றிச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு, என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று தெரியவில்லை.

அவளிடம், ஒரு பாட்டுப் பாடு என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. கேட்கக்கூடிய காலம் நாலு வருடத்துக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது.

அதைச் சொல்லத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆபரேஷனுக்கு முந்தின வாரம் கோயம்புத்தூரில் டாக்டர் எங்கள் இருவரையும் எதிரே உட்காரவைத்து எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். கழுத்தில் கட்டி பெரிதாகிவிட்டது, எடுத்துத்தான் ஆகவேண்டும், குரலுக்குப் போகிற நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, சிலருக்குக் குரல் மாறலாம் என்றார். பிறகு, "இவங்க பாடறவங்களா? பாட்டு டீச்சர், கோயில்ல பாடறது, அந்த மாதிரி ஏதாவது?" என்று அவளைப் பார்த்துக் கேட்டார்.

நான்தான் பதில் சொன்னேன். "இல்லீங்க டாக்டர், அவ பாடமாட்டா."

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மேஜையிலிருந்த காலண்டரைப் பார்த்தாள். டாக்டர் எதையோ எழுதிக்கொண்டார். மேட்டுப்பாளையத்தில் மேலே ஏறுகிற பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்ற அவசரம் எனக்கு.

பாடுகிறவள் என்று சொல்லியிருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். கட்டியை எடுக்காமல் இருந்திருக்க முடியாது. டாக்டர் முன்னாலேயே சொன்னதுதான் நடந்தது. ஆனால் அந்தக் கேள்வி அவளுக்கு வந்தது. அவளுக்கென்று ஒன்று போகப்போகிறது, அது போவதற்கு முன்னால் தன் வாயால் ஒரு தடவை, ஆமாம், பாடுவேன் என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கேள்வியையும் நானே வாங்கிக்கொண்டேன்.

எட்டாம் நாள் காலை அவளை ஜன்னலோர நாற்காலியில் உட்காரச் சொன்னேன். மழை விட்டு, எதிர்ச் சரிவில் தேயிலையெல்லாம் வெயிலில் பளபளத்தது. ஹெட்போன் அவள் தலைக்குப் பெரியதாக இருந்தது. பட்டையைச் சுருக்கிவிட்டேன். முதல் பதிவில் அந்தச் சரணத்துக்குக் கொஞ்சம் முன்னால் வைத்து, போனைத் தட்டினேன்.

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் பாட்டைக் கேட்கிற சாதாரண முகம். பிறகு நெற்றி சுருங்கி, கண்ணை மூடிக்கொண்டாள். கை தானாகத் தொண்டைக்குப் போய், ஆபரேஷன் தழும்பின்மேல் நின்றது. வாத்தியம் வாசிக்கிற இடத்தில் அவள் உதடு லேசாக அசைந்தது. பிறகு சட்டென்று கண்ணைத் திறந்தாள். என் குரல் வந்திருக்கவேண்டும். வலை வழியாக எனக்கும் கசிந்தது, எறும்பு பேசுகிற மாதிரி.

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது நானாங்க?"

"நீதான்."

"யாரோ சின்னப்புள்ள மாதிரி இருக்குது." ஹெட்போனின் வலையை விரலால் தடவினாள். "நல்லாத்தான் பாடியிருக்கேன் இல்லீங்களா?"

"ரொம்ப நல்லாப் பாடியிருக்க. சுருதி எங்கயும் விலகல. நான் சொன்னது தப்பு. நான் அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது."

"எப்பிடி?"

"அதான், வாய மூடுன்னு."

"அதுங்களா?" என்றாள். "அது கோவமெல்லாம் இல்லீங்க. அப்ப நீங்க எப்பவுமே அப்பிடித்தான பேசுவீங்க."

எனக்கு ஆறுதல் சொல்வதற்காகத்தான் அவள் அப்படிச் சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. நான் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது அவள் ஒயரைச் சுற்றி ஹெட்போனைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இத வாங்கிரலாம்னு நெனைக்கறேன்" என்றேன். "போன்ல வெறுமனே போட்டா உன் குரல் கேக்க மாட்டேங்குது. பாத்துட்டேன். டிவில போட்டும் பாத்தேன். இதுல மட்டும்தான் கேக்குது."

"வேண்டாங்க. திருப்பிக் குடுத்துருங்க."

"ஏன்?"

"இத மாட்டிக்கிட்டு நீங்க அங்கயே உக்காந்திருப்பீங்க. நான் இங்க கூப்படறது காதுல விழாது. எனக்கு முன்ன மாதிரி சத்தமாக் கூப்பட வருதுங்களா? ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சு வந்து தோளத் தொடவேண்டியிருக்குது. முழங்கால் வலிக்குதுங்க."

சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். ஹெட்போன் வேண்டாம் என்றதும் அவளுக்கு ஏமாற்றம். "நல்லா இல்லையாப்பா? அன்னைக்கு அவ்வளவு ரசிச்சீங்க?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள். மாலையில் அவளைப் பஸ் ஏற்றிவிட ஸ்டாண்டுக்கு நடந்தபோது ஆறாவது பதிவைப் பற்றிச் சொன்னேன். அவள் அழுததையும், அவள் அம்மா அவளை மழையில் தூக்கிக்கொண்டு வெளியே போனதையும், கதவு திறக்காததையும் சொன்னேன். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை.

"அதான் மழை பெஞ்சா எனக்கு இப்படித் தூக்கம் வருதா?" என்று சிரித்தாள். "அம்மா பாட்டுத்தாம்ப்பா எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பள்ளிக்கூடம் போற வயசு வரைக்கும் பாடுவாங்க. நீங்க ஷிஃப்டுக்குப் போனதும் ஆரம்பிப்பாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

பஸ் வந்துவிட்டது. ஜன்னலோரம் இடம் பிடிக்க அவள் ஓடினாள். ஹெட்போன் பெட்டியை நான்தான் ஜன்னல் வழியாக அவள் கையில் கொடுத்தேன்.

இப்போது நான் போனைச் சமையலறை அலமாரியில் வைத்துப் பாட்டுப் போடுகிறேன். அவளும் அங்கேயே இருப்பாள். பாட்டுக்கு நடுவில் கேஸ் புக் பண்ணவேண்டும் என்பாள், கேரட் விலை ஏறிவிட்டது என்பாள். நான் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்பேன். நிறுத்தவேண்டாம், பாடட்டும் என்பாள். சில நாள், தெரிந்த பாட்டு வரும்போது, அவள் கை வேலையில் தாளம் வந்துவிடுவதைப் பார்க்கிறேன். உதடும் அசையும். சத்தம் வராது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் நிறுத்திவிடுவாள். அதனால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.